சாய்ஸில் விட்ட பாடம்

உன் மகள் கவிதா பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பசை வாசம் போகாத புதுப் புத்தகம். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. சாக்கோட்டையில் உன் வீட்டுக் கூடத்தில், உன் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"பெரியப்பா, ஹிஸ்டரிக்கு எம்புட்டுப் படிக்கணும்? நீங்களும் அப்பாவும் ஒண்ணாத்தான படிச்சீக?"

பத்திரிகைக்காரன் பழக்கத்தில் விவரமாகவே சொன்னேன். ஒரு பாடத்தைப் படிக்க ஒரு நாள், குறிப்பெடுக்க ஒரு நாள், பார்க்காமல் எழுதிப் பார்க்க ஒரு நாள். வரைபடமும் காலக்கோடும் தனி. லேப் இல்லை என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. செய்முறை மதிப்பெண் கைகொடுக்காது, எழுதித்தான் வாங்க வேண்டும்.

"அப்ப எனக்கு ஒத்துவராது. பாதிப் பாடத்த விட்டுட்டுத்தான் பெயிலானேன்னு அப்பா சொல்லுவாக. எனக்கும் அதே மண்டதான? திங்கக்கிழமைக்குள்ள குரூப்ப மாத்திக்கிறலாமாம்."

வீட்டில் நீ அப்படிச் சொல்லிவைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பில், ஒரு ஆளால் முடிகிற சுமை இல்லை என்று பாடங்களைப் பங்கு பிரித்துக்கொண்டோம். முன்பாதிக்கு நீ விடை எழுத வேண்டும், பின்பாதிக்கு நான். கார்பன் தாள் வைத்து எழுதினால் ஆளுக்கொரு படி. விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத்தான் நீ காரைக்குடிப் பள்ளிக்கு வருவாய். இருந்தும் உன் பங்கு ஒரு நாளும் தவறியதில்லை. உலகப் போர்களுக்கு வந்தபோது நான் சோம்பிவிட்டேன். எழுதவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"போன வருசம் கேட்டுட்டாய்ங்கடா. இந்த வருசம் வராது. சாய்ஸ்ல விட்டுரு."

"நெசமாவா? நீ சொன்னாச் சரி."

தேர்வுக்கு முந்தைய மாலை மனசு கேட்காமல் அந்தப் பாடத்தைப் புத்தகத்திலிருந்தே படித்தேன். சைக்கிளை எடுத்திருந்தால் உன் வீட்டுக்கு அரை மணி நேரம். எடுக்கவில்லை.

இரண்டு பெரிய கேள்விகள் அதிலிருந்து வந்தன. வெளியே வந்ததும், "நீ எழுதுனியாடா?" என்றாய். எழுதினேன் என்றேன். அதற்குமேல் நீ எதுவும் கேட்கவில்லை.

நான் தேறினேன். உனக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. முகம் கறுத்து நின்ற என்னை நீதான் தேற்றினாய்: "விடுறா. எத்தன ராசாக்க தோத்தத மனப்பாடம் பண்ணுனோம்? அதுல நானும் ஒரு ஆளு."

மறுதேர்வுக்குள் உன் அப்பா நோயில் படுத்துவிட்டார்; நீ அதை எழுதவே இல்லை. நான் கல்லூரிக்குப் போனேன், பிறகு பத்திரிகைக்கு. நீ கானாடுகாத்தானில் ஒரு விடுதியில் பெட்டி தூக்கினாய். வருகிறவர்கள் வரலாற்றில் எந்தக் காலத்தைக் கேட்டாலும் பிசகாமல் சொல்கிறாய் என்று உன் முதலாளி ஒருமுறை என்னிடம் பெருமைப்பட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். செய்தியில் ஒரு பெயர் தவறினாலும் மறுநாளே திருத்தம் போட்டவன் நான்.

கவிதாவிடம் சொன்னேன்: "உங்கப்பா அவரு பங்க முழுசா எழுதுனாரு. விட்டது நான்." அந்த மாலையையும், எடுக்காத சைக்கிளையும் சேர்த்தே சொன்னேன். அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

காப்பியோடு வந்த உன் மனைவி நின்றபடியே கேட்டாள்: "அண்ணே, இத அவுக இருக்கையில வந்து சொல்லியிருக்கலாம்ல?"

கவிதா குரூப் மாற்றவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பாடத்தில் சந்தேகம் என்று இதுவரை அவள் என்னிடம் வரவில்லை. அதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் மனைவிக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். பயம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.