சிலிக்கானின் இரண்டாவது கை

மார்ச் 4

பேராசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த மாசம் பாப்போம்மா. வரலேன்னா விட்டுடலாம். பெயின்ட் ஆராய்ச்சிக்கு ஆள் பத்தல."

விட்டுடலாமாம்! கார்பனும் கார்பனும் சுலபமாக இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் அப்படியில்லை. வம்படியாக இரட்டைப் பிணைப்பு போட்டாலும், கிடைத்ததோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். அதனால் இரண்டு பக்கமும் தடித்தடியான அணுக் கூட்டங்களைக் காவலுக்கு நிறுத்துவார்கள். சின்னக் காவலை வைத்தே அந்தப் பிணைப்பை நிறுத்திக் காட்டலாம் என்பது என் கட்சி. அவருக்கு நம்பிக்கையில்லை.

மார்ச் 9

வந்துடுச்சு! எந்த அணு எப்படி இருக்கிறது என்று காட்டும் என்.எம்.ஆர். தாளில் சிலிக்கான் கோடு ஊசி மாதிரி நிற்கிறது. அக்காவுக்குப் போன் போட்டுக் கத்திவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

கிரீஸ். குடுவை மூடி இறுக்கமாக உட்காரத் தடவுகிற கிரீஸ்! அதிலும் சிலிக்கான்தானே இருக்கிறது; நான் பார்த்த கோடு அதனுடையது. பக்கத்து மேசைக்காரர் தாளை எட்டிப் பார்த்து, "மூடிக்கு எவ்வளவும்மா தடவுன?" என்றார். மானம் போச்சு. ஏன்டி உனக்கு இந்த அவசரம்? கோடு எந்த இடத்துல நிக்குதுன்னு பாக்க மாட்டியா?

வீட்டில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கிரீஸ் டப்பாவுல கிரீஸைக் கண்டுபிடிச்சவ நீ ஒருத்திதான்டி." நானும் சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது.

மார்ச் 10

இனி கிரீஸே கிடையாது. எல்லாம் தடவாமலே இறுகும் டெஃப்லான் மூடி.

மார்ச் 19

ஆரஞ்சு! காற்றே புகாத கண்ணாடிப் பெட்டிக்குள், நேற்று வரை தண்ணீர் போல இருந்த கரைசல் பளீரென்று ஆரஞ்சு!

இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ஒரு சொட்டை மட்டும் குட்டிக் குப்பியில் அடைத்து வெளியே எடுத்து மூடியைத் திறந்தேன். காற்று பட்டதுமே நிறம் போயே போச்சு. இரட்டைப் பிணைப்பென்றால் அப்படித்தான் சாக வேண்டும். தான் செய்தது கண்ணெதிரே செத்ததற்கு இப்படிக் குதித்தவள் உலகத்தில் உண்டா?

"என்னம்மா ஆச்சு?" என்றார் மேசைக்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே."

மார்ச் 24

படிகம் விழுந்திருக்கிறது, கடுகைவிடச் சின்னதாக. எண்ணெயில் முக்கி எக்ஸ்ரே அறை அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு சிலிக்கானுக்கும் நடுவே ஒற்றைப் பிணைப்பு என்றால் நீளம், அணுக்களை அளக்கிற கணக்கில், 2.35 ஆங்ஸ்ட்ராம் பக்கம் வரும். இரட்டை என்றால் குறையும். குறையணும்.

மார்ச் 26

2.16!

மாடிப்படியில் நின்று போனில் கேட்டேன். "இன்னொரு தரம் சொல்லுங்கம்மா."

"ரெண்டு புள்ளி ஒண்ணு ஆறு. நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ஏய், அழறியா?"

அழுதேன்தான். அப்புறம் மீதிப் படியெல்லாம் ஓடியே ஏறினேன்.

மார்ச் 30

பேராசிரியர் என் மேசைக்கு வந்தார். இதுவரை அவராக வந்ததே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஆரஞ்சுக் குப்பியை ரொம்ப நேரம் பார்த்தார். பெயின்ட் பேச்சே எடுக்கவில்லை.

"காவலைக் கொஞ்சம் மாத்திப் போட்டா," என்று இழுத்தார், "மூணாவது பிணைப்பும் நிக்குமாம்மா?"

கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பென்சில் இருக்கிறதா என்று கேட்டார்.