குடிக்காதவனின் ஃபைல்

என் ராசா, தம்பி முருகேசா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பட்டாளத்தில் இருந்தவன் என்று பள்ளிக்கூடத்தில் உன் பெயரில் கொடிமேடை கட்டப் போகிறார்களாம். நிதி உடனே ஒதுக்கிவிட்டார்கள். ஃபிளெக்ஸ் பேனரில் உன்னைவிடப் பெரிதாகத் தலைவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நீ உயிரோடு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இந்த நிதி எங்கேயடா இருந்தது?

எல்லையில் உனக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. ரத்தம் வரவில்லை, ஆகவே காயமில்லை என்று இரண்டு நாள் ஓய்வு கொடுத்து மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். நம் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பாதி ஆளாகத்தான் திரும்பி வந்தாய். சந்தைக்குப் போனால் வீட்டுக்கு வழி மறந்துவிடும். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாய். மூளைக் காயத்துக்கு வெளியூரில் நீண்ட நாள் சிகிச்சை வேண்டும், அனுமதி வந்தால் அரசே செலவை ஏற்கும் என்றார்கள். கடைசியில் வந்தது, ‘குடியால் வந்த கோளாறு, பணியால் அல்ல’ என்று ஒரு தாள். மறு மனு எழுதிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீயா குடிகாரன்? மாதாமாதம் கிடைக்கும் மிலிட்டரி கேண்டீன் மது பாட்டிலை நீ திறந்ததே கிடையாது. மாதம் பிறந்தால் சொந்தக்காரர்கள்தான் வாசலில் வந்து நிற்பார்கள். தோட்டத்தில் போர்வெல் போட்ட ரிக் வண்டிக்காரருக்குக்கூட ஒன்று கொடுத்தாய். ஃபைலைத் திருத்தியே ஆகவேண்டும் என்று போன வாரம் அத்தனை பேர் வீட்டுக்கும் போனேன். ‘முருகேசனின் பாட்டிலைக் குடித்தது நான்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

“ஏனம்மிணி, பையனுக்குப் பொண்ணு பாக்கற நேரத்துல என்ற பேரு ஆபீசுல ஏறலாமா?” என்றார் பெரிய மாமா. உன் சாவுக்கு அதிகம் அழுதவர் அவர். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. குடித்தவர்கள் எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

நேராக, அனுமதியை மறுத்துத் தாள் அனுப்பிய ஆபீசுக்குப் போனேன். “அவருதான் இல்லீங்களேம்மா, இனி எதுக்குங்க சிகிச்சைக்கு அனுமதி?” என்றார் அங்கே இருந்தவர். என் தம்பியைக் குடிகாரன் என்று சொன்னது யார், அதைக் காட்டுங்கள் என்று நின்றேன். பழைய தாளை எடுத்துப் போட்டார். முதல் நாள் நான் உன்னைக் கூட்டிப் போனபோது டாக்டர் எழுதியது. ‘மதுப் பழக்கம் உண்டு. தகவல் தந்தவர்: நோயாளியின் அக்கா.’

அப்போதுதான் ஞாபகம் வந்தது. “குடிப்பாருங்களா?” என்று டாக்டர் கேட்டார். “மிலிட்டரிக்காரனுங்க, இதைக் கேக்கோணுமாங்க?” என்று சிரித்தேன். பெருமையாகச் சொன்னேனடா. ஒரு சிரிப்பை வைத்தா ஃபைலை மூடுவார்கள்? உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? நீயும் பக்கத்தில்தானே இருந்தாய், ஏன் சாமி, மறுத்துப் பேசவில்லை? காதில் விழவில்லையா, அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாயா?

அதே வெடியில் உன்னோடு இருந்த ராசிபுரம் செல்வராஜுக்கும் இப்போது இதே மறதி, இதே தலைவலி. திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறான். “நீங்களும் கூட வாங்கக்கா, எனக்குப் பயமா இருக்குதுங்க” என்று அவன் மனைவி போனில் அழுதாள்.

போவேன். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால், ஆபீசில் கேட்டு வாங்கிய உன் தாளின் நகலை அவர் மேஜையில் வைப்பேன். இது நான் சொன்ன பொய், இதை நம்பித்தான் என் தம்பியைச் சாகவிட்டீர்கள், இவனையாவது விசாரித்து எழுதுங்கள் என்பேன். எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் அக்கா,
சரசு