கண்ணாடிக் கூடத்தில் அறுக்காத முடிச்சு

ஏழு கணவாய்க்கும் கதவுடைய வெண்கோட்டு நாட்டின் களஞ்சியம் காக்கும் அமைச்சர் பெருங்கிள்ளியார் திருமுன்பு, தென்கோட்டைத் தலைவர் ஏறன் வாணராயர் சொல்ல, ஓலைக்காரன் கண்ணாடிக் கூடத்தில் இருந்து எழுதுவது. அரசியார் குடை நிழல் நீள்க. தங்கள் முழங்கால் வலி தணிக.

இக்காலத்து மனிதரைப் பற்றி முதலில் எழுதச் சொல்கிறார் வாணராயர். சென்ற ஆண்டு கண்ணாடிக் கூடத் தலைவி சேந்திக்கு மாலை போட முண்டியடித்தவர்கள், இந்த ஆண்டு அவள் வாசலில் கத்தியோடு நிற்கிறார்கள். அந்த வரிசையிலாவது ஒழுங்கு உண்டா என்றால் அதுவும் இல்லை. தம்மைக் கிழவன் என்றும் பாராமல் இடிக்கிறார்கள்.

மலைக்கு மலை கோபுரம் கட்டி, கண்ணாடியில் வெயிலை வாங்கிச் செய்தி அனுப்பும் இக்கூடத்தில், போரில் மாண்ட வீரர்களின் மனைவியருக்காகக் கோட்டைக்கும் ஒரு பங்கு இருப்பது தாங்கள் அறிந்ததே. அவர்கள் வீட்டு அரிசி அந்தப் பங்கில் வருவது. பங்கு சேர்ந்தவர் கூடத்துத் தூணில் கயிறு முடிவதும், விலகுபவர் தலைவி முகத்தைப் பார்த்துத் தம் கத்தியால் தாமே அதை அறுப்பதும் இங்கே வழக்கம். கார்காலத் தொடக்கத்தில் தலைவி கல்மேல் ஏறி, வரும் ஆண்டில் என்ன எதிர்பார்க்கலாம் என்று அறிவிப்பதும் வழக்கம். இவ்வாண்டு வருவாய் நிறைவாகவே வந்தது. ஆனால் வரும் ஆண்டில் புதுக் கோபுரங்கள் முன்பு சொன்னதில் பாதிகூட எழும்பா, வருவாயும் குறையும் என்று சேந்தி அறிவித்துவிட்டாள். அவ்வளவுதான், ஊர் கத்தியைத் தீட்டிவிட்டது. உடனே அறுத்துவிடலாமா என்று தாங்களும் கேட்டு எழுதினீர்கள்.

அறுக்கத்தான் வாணராயர் வந்தார். பங்கின் விலையை இறக்கிப் பிறர் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளப் போடும் நாடகமா இது என்று அவளிடம் நேராகவே கேட்டார். சேந்திக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடிக் கூச்சத்தில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, வடமலையில் பாதி ஆண்டு மூடுபனி என்றும், வெயிலில்லாத இடத்தில் கண்ணாடி குருடு என்றும், கண்ணாடிமுன் விளக்கு வைத்து ஒளியனுப்பும் வித்தை கைகூடாமல் கோபுரம் கட்டினால் அது காக்கைக்குத்தான் உதவும் என்றும் சொன்னாள். கூட்டிச் சொல்லியிருந்தால் மாலை விழுந்திருக்கும், ஆனால் அடுத்த கார்காலத்தில் இதே கல்லில் எந்த முகத்தோடு ஏறுவேன் என்றும் கேட்டாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் உண்ணவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளத்தில் படையை இறக்க முடியாது என்று முன்னொரு நாள் மறைந்த அரசரிடம் சொன்னதும், அவையே தம்மைக் கோழை என்று சிரித்ததும் வாணராயருக்கு நினைவு வந்தன. என்றாலும் இரக்கம் அரிசியாகாது என்று, பங்குக்கு உரிய பெண்களையே கேட்டார். அவர்களுள் ஒருத்தியாகக் கூட வந்திருந்த வேங்கைமாள், காட்டுப்பன்றிக்கு அஞ்சாத தலைவர் கண்ணாடிக்கு அஞ்சுகிறாரே என்று முதலில் நகைத்தாள்; பிறகு, இந்த விலைக்கு விற்றால் இரண்டு மழைக்குள் பானை காலி, வைத்திருந்தால் குறைந்த அரிசியாவது வரும், குறைத்துச் சொன்னவளைத் தண்டித்தால் நாளை எல்லாரும் கூட்டியே சொல்வார்கள் என்றாள்.

ஆகையால் ஆணை இது: கோட்டை முடிச்சை இவ்வாண்டு யாரும் தொடலாகாது. இன்னொரு முடிச்சும் போடலாகாது. இவ்வாண்டு மிஞ்சியதெல்லாம் நெல்லாகக் களஞ்சியம் சேர்க. அடுத்த கார்காலத்துக்குள் வடமலைப் பனியில் ஒரு விளக்கொளியாவது தென்படாவிடில், வாணராயரே வந்து அறுப்பார். இதை மீறுபவர் கோட்டை வாசல் மிதியாதிருக்க.

தலைவரின் மீன் முத்திரை மோதிரம் மெழுகில் பதிந்தது. தலைவர் முழு நம்பிக்கையோடு முடிவு செய்தார் என்று ஓலைக்காரன் எழுதப் போக, அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னார். நம்பிக்கை வரவில்லையாம்; அறுக்கக் கை வரவில்லை, அவ்வளவே எழுது என்கிறார். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, இதெல்லாம் எங்கே உருப்படப் போகிறது என்று முணுமுணுத்தபடி, தூணைத் திரும்பிப் பாராமல் படியிறங்கிப் போகிறார்.