அட்டைப்படத்தில் விடுபட்ட ஆறாவது விரல்

அனுப்புநர்:
மெய்ப்புத் திருத்துநர்,
பிறவிக் குறைபாட்டு ஆய்விதழ் அலுவலகம்,
இரண்டாம் மாடி, லிஃப்டுக்கு எதிர் அறை.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
ஆய்விதழை வெளியிடும் கழகம்,
ஐந்தாம் மாடி.

பொருள்: புதிய ஆசிரியர்கள் இருவர் பொறுப்பேற்று வெளியிட்ட முதல் இதழின் அட்டையில் எனது விரல் ஒன்று காணாமல் போனது – திருத்தம் வெளியிட வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். தங்கள் இதழுக்கு நான் பத்தொன்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தி வருகிறேன். என் வலக்கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு சிறு விரல் பிறவியிலேயே உண்டு. அதனால் எனக்கு ஒரு நாளும் தொந்தரவு இருந்ததில்லை. திருத்தும்போது சிவப்புப் பேனாவின் மூடியை அதில்தான் மாட்டி வைப்பேன்.

2. ஓய்வு பெற்ற முன்னாள் ஆசிரியர், பிறவிக் குறைபாடுகளில் பெரிய நிபுணர். பத்தொன்பது ஆண்டுகளும் தினமும் என் வலக்கையிலிருந்துதான் தாள்களை வாங்கினார். விரலைக் கவனித்ததே இல்லை. விடைபெறும் நாளில் அதே கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஆபீஸ்ல ஒரு குறைகூட என் கண்ணுல பட்டதில்லப்பா" என்று கண் கலங்கினார். நானும் கலங்கினேன்.

3. புதிய ஆசிரியர்கள் அப்படியல்லர். ஒருவர் குழந்தைகள் அறுவை நிபுணர். மற்றவர் மரபியல் பேராசிரியை. இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேசை. முதல் நாள் என்னுடன் கைகுலுக்கிய அறுவை நிபுணர் கையை விடவே இல்லை. "இருபது நிமிஷ வேலைங்க. வலிக்கவே வலிக்காது" என்றார். உடனே பேராசிரியை எழுந்து வந்து என் கையைத் தம் பக்கம் இழுத்து, "தொடாதீங்க சார், அருமையான விரல்! உங்க அப்பாவுக்கு இருந்துச்சா? அத்தைக்கு?" என்று கேட்டபடி என் வம்சத்தையே மெய்ப்புத் தாளின் பின்புறம் வரையத் தொடங்கினார். நாற்பத்தேழாம் பக்கம் அன்று போனதுதான், இன்னும் கிடைக்கவில்லை.

4. அதன்பின் இரண்டு வாரம் அந்த அறைக்குள் தாளோடு போனால் தாளை யாரும் பார்ப்பதில்லை. கையுறை போட்டு மறைக்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். என் கைக்கு ஏற்ற கையுறை எங்கும் இல்லை.

5. கடைசியில் இருவரும் சமாதானமாகி, கத்தி வேண்டாம், புதிய பொறுப்பின் முதல் இதழுக்கு என் கையே அட்டைப்படமாகட்டும் என்று முடிவு செய்தார்கள். நான் சம்மதித்ததற்குக் காரணம் அவர்கள் அல்லர். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கும் வலக்கையில் ஆறு விரல். சில மாதங்களாக அவள் அந்தக் கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இடக்கையால் கோழி கிளறியதுபோல் எழுதி வருகிறாள். அப்பாவின் கை புத்தக அட்டையில் வந்தால் அவள் கை வெளியே வரும் என்று நம்பினேன்.

6. படத்தில் இருப்பவரே அதைத் திருத்தக் கூடாது, அது நலன் முரண் என்று கூறி அட்டையை எனக்குக் காட்டவில்லை. ஆறு பேர் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அச்சாகி வந்த அட்டையில் என் கைக்கு ஐந்தே விரல்கள். பிறவிக் குறைபாட்டு ஆய்விதழின் அட்டையில், ஐயா, எல்லோருக்கும் இருக்கும் ஒரு சாதாரணக் கை! உள்ளே முதல் பக்கத் தலையங்கத்தின் தலைப்பு 'கூர்ந்து நோக்குவோம்'.

7. வடிவமைப்பாளரை விசாரித்தேன். "படத்துல ஏதோ தப்பா விழுந்திருந்துச்சுண்ணா. நான்தான் சுத்தமா சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. இப்போது அவர் எல்லோருடைய விரல்களையும் எண்ணிவிட்டுத்தான் பேசுகிறார். அட்டையைக் கண்ட அறுவை நிபுணரோ, "யார் பண்ண ஆபரேஷன் இது? தழும்பே இல்லையே!" என்று வியந்தார்.

8. இதுவரை நடந்தது சிரித்துவிட்டுப் போகக்கூடியதே. ஆனால் அட்டையை நான் பார்ப்பதற்கு முன்பே வீட்டு முகவரிக்குத் தபாலில் வந்த பிரதியை என் மகள் பள்ளிக்கு எடுத்துச் சென்றுவிட்டாள். "எங்கப்பாவுக்கும் என்னை மாதிரியே ஆறு" என்று சொல்லி வகுப்பின் முன் நின்று எண்ணிக் காட்டியிருக்கிறாள். ஐந்தோடு முடிந்துவிட்டது. வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து, "அசிங்கமா இருக்குன்னுதானேப்பா எடுத்துட்டாங்க?" என்று கேட்டாள். இல்லை கண்ணு, தவறுதலாக விடுபட்டுவிட்டது என்றேன். அவள் விடவில்லை. "தப்புன்னா அடுத்த புக்குல திருத்தம் போடுவோம்னு நீங்கதானே சொல்லுவீங்க? போடுங்க, பார்க்கலாம்" என்றாள்.

9. அவள் கேட்டது நம் இதழின் விதி, ஐயா. ஒரு புள்ளி இடம் மாறினாலும் நாம் திருத்தம் வெளியிடுகிறோம். ஆசிரியர்கள் இருவரும் முதல் இதழிலேயே திருத்தமா என்று தயங்குகிறார்கள். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடலாம் என்கிறார்கள். அது என் மகளுக்குப் போதாது, எனக்கும் போதாது. அடுத்த இதழின் அட்டையிலேயே, அதே அளவில், திருத்தப்படாத அசல் படத்தைப் போட்டு, அதன் கீழே, 'சென்ற இதழின் அட்டையில் ஒரு விரல் தவறுதலாக நீக்கப்பட்டது. கையில் தவறில்லை, தவறு எங்களுடையது' என்று அச்சிட உத்தரவிடுமாறு தங்களை மிகவும் பணிந்து வேண்டுகிறேன். கூடவே, அறுவை நிபுணர் இனி எனக்கு வணக்கம் மட்டும் சொன்னால் போதும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: மெய்ப்பு அறை
நாள்: திங்கட்கிழமை (அடுத்த இதழ் அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள்)

இப்படிக்கு,
பத்தொன்பது ஆண்டுகளில் தமக்கென ஒரு திருத்தமும் கேட்டிராத,
மெய்ப்புத் திருத்துநர்
(கையொப்பம்)

இணைப்பு:
அ) என் வலக்கையைத் தாளில் வைத்துச் சிவப்புப் பேனாவால் சுற்றி வரைந்த படம். விரல்கள்: ஆறு.
ஆ) அதன் பக்கத்திலேயே இன்னொரு சிறிய கை. நேற்று வீட்டில் இந்த மனுவை எழுதிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சட்டைப் பைக்குள்ளிருந்து வெளியே வந்து தாளில் பதிந்தது. விரல்கள்: ஆறு. சரிபார்க்கப்பட்டது.