அந்தக் கடிதத்தில் நீ இல்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய் வந்தோம். அங்கே இருந்தவர்கள்: சாவி வெட்டும் கடைக்காரர், அதாவது இறந்துபோனவளின் கணவர்; அவர்களுடைய ஒரே மகள், கல்லூரியில் படிப்பவள்; இறந்தவளின் அக்கா; நம் வக்கீல்; நான். மொத்தம் ஐந்து பேர். அப்பா தெருமுனை வரைக்கும் வந்தார். அதற்கு மேல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலி இருப்பது உண்மைதான். அன்றைக்கு வலித்தது அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மற்றபடி ஆண்டவன் எங்களை நடமாட வைத்திருக்கிறான். சமையலறைக் குழாயை அப்பாவே ரிப்பேர் செய்தார். முன்பு சொட்டிக்கொண்டிருந்தது, இப்போது ஓடுகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? மாமா உன்னை வந்து பார்ப்பதாகச் சொன்னாரே, வந்தாரா? சிறையில் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று தெரியும். படிக்கிறவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே, படிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மனு அடுத்த மாதம் கோர்ட்டுக்கு வருகிறது. அந்தக் குடும்பம் உன் மன்னிப்புக் கடிதத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் மீதித் தண்டனையைக் குறைக்க வழி உண்டு என்று வக்கீல் உன்னிடமும் சொன்னார் அல்லவா? நீ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதை அவர் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் சரிசெய்து, டைப் அடித்து, முந்தின நாளே என்னிடம் ஒரு பிரதி கொடுத்தார்.

என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். நீ தூக்கிப் போட்ட பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தை, அடுப்பு வேலை முடிந்த பிறகு, நானாக எழுத்துக்கூட்டிக் கற்றதுதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு பிழை இல்லை. ஆனால் தேய்த்து மடித்த சட்டை போல இருந்தது, உள்ளே ஆள் இல்லை. படித்தவர் பார்த்துக் கொடுத்தது, நமக்கென்ன தெரியும் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் வீடு சின்னது. ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின், போர்வை போட்டு மூடியிருக்கிறார்கள். எனக்கு உட்காரக் கொடுத்தது அந்த மிஷினுக்கு முன்னால் கிடந்த முக்காலி. வேறு இருக்கை இல்லை. உட்காரவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வக்கீல் கடிதத்தை வரிக்கு வரி தமிழில் சொன்னார். வாகனம் ஓட்டப்பட்டபோது கைபேசி பார்க்கப்பட்டது. சாலையைக் கடந்த பாதசாரி கவனிக்கப்படவில்லை. அவர் வாகனத்தால் மோதப்பட்டார். உதவி அழைக்கப்பட்டது. ஓர் உயிர் இழக்கப்பட்டமைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் இது இவ்வளவு அசிங்கமாகத் தெரியவில்லை, ராஜா. தமிழில் கேட்டபோது எனக்குக் காது கூசியது.

அக்காக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். ஏன் சார், எல்லாம் பட்டது பட்டதுன்னே இருக்கே, பட்டது நாங்கதானே என்றாள். இறந்தவளின் மகள் அந்தத் தாளை வாங்கித் தானே படித்தாள். பிறகு வக்கீலை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, ஆன்ட்டி, இதுல வண்டி இருக்கு, போன் இருக்கு, உங்க பையன் எங்க இருக்காரு என்று கேட்டாள். கோர்ட்டு பாஷை அப்படித்தாம்மா, பாதிக்கப்பட்டவங்களை முன்னால வெச்சு எழுதறது ஒரு மரியாதை என்றார் வக்கீல். அந்தப் பெண் விடவில்லை. முன்னால வெச்சீங்க சரி, பேரு எங்க சார்? எங்கம்மா பேரு பாதசாரியா என்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் அப்பா அதுவரை ஒரு வெட்டாத சாவியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். உதவி அழைக்கப்பட்டதுன்னு போட்டிருக்கேம்மா, யாரு கூப்பிட்டது? உங்க பையனா, ரோட்டுல போனவங்களா? ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவ பக்கத்துல யாராச்சும் உட்கார்ந்திருந்தாங்களா? அவளுக்கு இருட்டுன்னா பயம்மா. கரண்ட் போனாலே என் சட்டையைப் புடிச்சுக்குவா. அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் எனக்கு.

எனக்குத் தெரியாதுங்க என்றேன். வேறென்ன சொல்ல? விபத்துக்கு மறுநாள் காலையில் நீயே காவல் நிலையத்துக்குப் போனாய், குற்றத்தை ஒப்புக்கொண்டாய், வழக்கு சீக்கிரம் முடிந்தது. நடுவில் ஒரு ராத்திரி இருந்ததே, அதை யாரும் கேட்கவில்லை. பெற்றவள் நானும் கேட்கவில்லை.

அப்ப உங்க பையனைக் கேட்டுச் சொல்லுங்க, கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம் என்றார் அந்த மனிதர். கேட்டு எழுதறேங்க என்று சொல்லி, நான் அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

தெருவில் வக்கீல் என்னைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்து வாங்க வந்தீங்களா, ஆறின புண்ணைக் கிளற வந்தீங்களா? விட்டுட்டு ஓடிட்டேன்னு அவன் கைப்பட எழுதினான்னா குறையறதும் குறையாது, கூடினாலும் கூடும் என்று கத்தினார். அப்பா மருந்துக்கடைப் படியிலிருந்து எழுந்து வந்து, ஓடியிருக்க மாட்டான் சார், நம்ம வீட்டுப் புள்ள சார் என்றார்.

வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்தேன். அப்பா பின்னால் வந்து நின்று, மெதுவாக, ஓடியிருக்க மாட்டான்ல என்று என்னிடம் கேட்டார். பால் பொங்கிவிட்டது என்று நான் சொல்லும்போதெல்லாம், தானாவா பொங்குச்சு, பக்கத்துல ஒரு அம்மா வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னிருக்கணுமே என்று கேலி செய்வாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்குப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அப்புறம் உன் இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இப்படிப்பட்ட வாக்கியத்தைச் சரிசெய்ய அதில் சுலபமான வழி சொல்லியிருக்கிறது. வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, இதை யார் செய்தது என்று கேள். கிடைத்த ஆளைக் கொண்டுவந்து வாக்கியத்தின் முதலில் நிறுத்து. பக்க ஓரத்தில் நீ பென்சிலால் ஒரு மீசைக்காரனை வரைந்து வைத்திருக்கிறாய். எனக்கு அது புது வழியாகவே தெரியவில்லை. வீட்டுக் கணக்கில்கூட நான் 'செலவானது' என்று எழுதியதில்லை. யார் எதற்குச் செலவு செய்தார் என்றுதான் எழுதுவேன். பிரார்த்தனையிலும் அப்படித்தான். பாவம் செய்யப்பட்டது, பொறுத்துக்கொள் என்று யாராவது ஆண்டவனிடம் கேட்போமா? நான் செய்தேன் என்றுதானே அழுகிறோம்.

அதனால் நானே ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். என் மகன் போனைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டி, ஒரு பெண்ணை மோதிக் கொன்றான். ஆங்கிலத்தில் எழுதினேன், பிறகு தமிழில் எழுதினேன். எழுதிவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ராஜா, அதை எழுதிய பிறகும் நீ எனக்கு மகனாகத்தான் இருந்தாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நீயும் எழுது. வக்கீல் தொடாத கடிதமாக, உன் கையெழுத்தில் எழுது. ஒவ்வொரு வரியிலும் நீ முதலில் நில். நான் ஓட்டினேன், நான் போனைப் பார்த்தேன், நான் மோதினேன். அதற்கடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயானால் அப்படி எழுது, அந்த மனிதர் ஒரு ராத்திரியாவது தூங்குவார். பயந்து ஓடியிருந்தால் ஓடினேன் என்று எழுது. அவர் அழுவார், நானும் அழுவேன், நீ வீட்டுக்கு வரும் நாள் தள்ளிப்போகலாம். போகட்டும், நான் காத்திருப்பேன். ஆள் இல்லாத சட்டையை மட்டும் என்னிடம் திருப்பி அனுப்பாதே.

புறப்படும்போது அந்தப் பெண் ஒரு துண்டுத் தாளில் அவள் அம்மா பெயரை எழுதி என் கையில் வைத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்து, எழுத்துப் பிசகாமல் எழுது.

இருமலுக்கு வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. உனக்காகவும் இறந்துபோன அவளுக்காகவும் சேர்த்தே தினமும் கும்பிடுகிறேன். ஆண்டவன் உன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

என்றும் உன்
அம்மா

சாவிக்கடைக்காரர் கேட்டதற்குச் சீக்கிரம் பதில் எழுது.