தாங்கள் கட்டிய சீரியல் விளக்கு

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க என் கணவர் அவர்களுக்கு,

தங்கள் துணைவி பணிவுடன் வரைவது. இம்மடல் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். வருஷத் திதி முடியும்வரை என் கைக்கு எழுத்து வரவில்லை. “இன்னாடி இது, கலெக்டர் ஆபீஸ் லெட்டர் மாதிரி கீது?” என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. பள்ளிக்கூடம் போகாமல் நானே கற்ற தமிழ், இப்படித்தான் வரும்.

மாடியறையில் இப்போது இரண்டு பெண்கள் குடியிருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்து மெர்சி, தேனிப் பக்கத்துக் கலா. இருவருக்கும் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை. வேறு வேறு ஷிப்ட். ஒருத்தி உறங்கும்போது மற்றவள் லைனில் நிற்பாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கவே மெர்சி வந்து கேட்டாள்: “எக்கா, பரண்ல அண்ணாச்சியோட சீரியல் செட்டு கெடக்குல்லா, அதக் கட்டட்டுமா? வருசம் பூரா வீடு இருட்டடிச்சுக் கெடந்துட்டுக்கா.” எனக்கும் ஆசைதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்கள் வாசலில் கட்டிய விளக்கல்லவா? எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிளக் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். நான் எத்தனை முறை மன்றாடினேன்? “பின்னு இன்னாத்துக்கு? ஒயர உட்டு ரெண்டு தீக்குச்சி சொருவுனா நிக்காதா? நீ கம்முனு இரு” என்பீர்கள். மெர்சியும் அப்படியே செருகியிருக்கிறாள். விளக்கை மொட்டைமாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பியோடு சுற்றிக் கட்டி, எரியவிட்டுவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்த கலாவுக்கு இது எதுவும் தெரியாது. யூனிபார்மை அலசி, நீர் சொட்டச் சொட்ட அந்தக் கம்பியில் போடப் போனாள். வற்றல் காயவைக்க ஏறிய நான் கண்டது என்ன தெரியுமா? நீங்கள் ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் உரிந்து, ஒயரின் செம்பு அந்த இரும்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“போடாதடி, தள்ளி நில்லு” என்றேன். “என்ன ஆன்ட்டி, பல்பு ஒடஞ்சிருமாக்கும்?” என்று சிரித்தாள். கீழே ஓடி மெயினை அணைத்தேன். கம்பியில் கரண்ட் இருந்ததை நான் சொன்னதும் அவள் ஈர யூனிபார்மோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேனியில் இருக்கும் அவள் தாய்க்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

மாலையில் மெர்சி அழுதாள். “இனி வெளக்கே வேண்டாம்க்கா” என்றாள். ஏன் வேண்டாம்? படப்பைக்கு அழைத்துப்போய், பிளக் உள்ள புதிய செட் வாங்கித் தந்தேன். நைலான் கயிறு கட்டி, மழை படாத தாழ்வாரத்தில், துணிக்கம்பிக்கு எட்டாத தூரத்தில் தொங்கவிட்டோம். சுவிட்சின் மேல் நானே எழுதி ஒட்டினேன்: “பணிக்குச் செல்லுமுன்பும் உறங்குமுன்பும் அணைத்துச் செருகியை உருவுக.”

“செருகின்னா என்னது ஆன்ட்டி?” என்றாள் கலா. “பிளக்குடி.” “அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?” நீங்கள் இருந்திருந்தால் அவள் கட்சியில்தான் சேர்ந்திருப்பீர்கள்.

தங்கள் பழைய செட்டைத் தூக்கி எறிய மனம் ஒப்பவில்லை. வைத்திருக்கவும் அச்சம், என்றாவது யாராவது எடுத்துச் செருகிவிட்டால்? ஒயரை முனையோடு நறுக்கிவிட்டேன். மாலைபோலத் தங்கள் படத்தைச் சுற்றி மாட்டியிருக்கிறேன். எரியாது. நீங்கள் போட்ட முடிச்சு எதையும் நான் அவிழ்க்கவில்லை.

வரும் பொங்கலுக்கு நம் வாசலில் விளக்கு எரியும். தீக்குச்சி இராது, இரும்புக் கேட்டில் கட்டவும் மாட்டேன். இது என் வாக்கு. ஆனால் மஞ்சளா, நீலமா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. எப்போதும் அது தங்கள் பொறுப்பாகவே இருந்தது.

இங்ஙனம்,
என்றும் தங்கள் மனைவி,
பூங்காவனம்

விரைவில் பதில் எழுதவும்.