எழுபத்துநான்கைத் தாண்டாத வண்டி

அன்பு மச்சான் நேசனுக்கு,

உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்தில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள் உம்முடைய மகள் கீர்த்தனா. "மாமா, தேவாரம் எல்லாம் முன்னுக்கு வருது. நீங்கள் அப்பாவோடை கதைக்கிற மாதிரி எழுதித் தாங்கோ" என்றாள். அப்படி எழுதினால் அச்சகக்காரன் பாதியை வெட்டிவிடுவான் என்று சொன்னேன். சிரித்தாள், பிறகு அழுதாள். ஆகவே கெட்ட வார்த்தை இல்லாமல் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளும்.

முதலில் வண்டிச் செய்தி. அது ஏன் எழுபத்துநான்கைத் தாண்டவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். அது உமக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன்.

இதை வாசிக்கும் சொந்தக்காரருக்கும் விளங்க வேண்டும். நெல்லியடியில் உம்முடைய கராஜுக்கு ஒரு நாலுசில்லு மோட்டார் வண்டி வந்தது. பந்தயத்துக்கென்று செய்தது, ஒருவர் காலை இரண்டு பக்கமும் போட்டு இருந்து ஓட்டுவது. மணற்காட்டுக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று கொண்டுவந்தவர், எண்ணத்தை விட்டுவிட்டு வண்டியையும் உம்மிடமே விட்டுப் போனார். நான் ரியூசன் கணக்கு வாத்தி. எனக்கும் அந்த வண்டிக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பார்த்த அன்றே ஆசை பிடித்துவிட்டது.

சில்லின் சுற்றளவை அளவுநாடாவால் அளந்தேன். பல்லுச்சக்கரங்களின் பற்களை எண்ணினேன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றும் என்று நீர் சொன்னீர். பெருக்கிப் பிரித்தால் மணிக்கு நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் ஓடவேண்டும். ஈரமணலில் ஓடினால், கைபிடியில் கட்டிய போன் எழுபத்துநான்கைக் காட்டியது. அடுத்த ஞாயிறும் எழுபத்துநான்கு. அதற்கடுத்த ஞாயிறும் அதேதான்.

"கணக்கிலை பிழை இருக்கும், மச்சான்" என்றீர்.

"என்ரை கணக்கிலை பிழை வராது. உம்மடை எஞ்சினிலைதான் கோளாறு" என்றேன்.

முன்பக்கப் பல்லுச்சக்கரத்துக்கு ஒரு பல்லுக் கூடப் போட்டால் வேகம் கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவன் நான்தான். நீர் மறுபேச்சில்லாமல் மாற்றினீர். வேகம் அறுபத்தெட்டுக்கு இறங்கியது. எஞ்சினுக்கு அந்தச் சக்கரத்தை இழுக்கப் பலம் காணாது, வேகத்தைக் கட்டிவைத்திருப்பது பல் இல்லை, எஞ்சினுக்குப் போகிற பெற்றோலும் காற்றும்தான் என்று அன்று விளங்கிக்கொண்டோம். பிறகு காபரேற்றரைக் கழற்றிக் கழுவினீர். காற்று வடிகட்டியை மாற்றினீர். மாதக்கணக்காக எத்தனை ஞாயிறு, மச்சான்? எவ்வளவு எண்ணெய்க் கையோடு என் வீட்டில் தேத்தண்ணி குடித்தீர்?

ஓட்டம் எப்போதும் ஒரே முறைதான். நான் வண்டியில் காத்திருப்பேன். நீர் வேகத்தைக் குறித்து வைக்கிற கொப்பியையும் சிவப்புத் துவாயையும் எடுத்துக்கொண்டு கரையால் முக்கால் கிலோமீற்றர் நடப்பீர். வழியில் வலை இழுப்பவர்களோடு கதைப்பீர், நாய்களைக் கலைப்பீர். அந்தத் தொங்கலில், ஓட்டம் முடிகிற முனையில், நின்று துவாயைத் தூக்கினால் பாதை வெளி, குறுக்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். நான் கடலை இடப்பக்கம் விட்டுக்கொண்டு ஓடி வருவேன். திரும்பும்போது மட்டும் என்னை ஓடவிட மாட்டீர். "எழும்பும், எனக்கும் ஆசைதானே" என்று கைபிடியைப் பறித்து, என்னைப் பின்னால் இருத்திக்கொள்வீர். சின்னப்பிள்ளைப் புத்தி என்று நினைத்தேன். வீட்டில் உம்முடைய தங்கை சாந்தியிடமும் சொல்லிச் சிரித்தேன்.

கடைசிச் சில கிழமைகள் நீர் நடுவழியில் குந்தியிருந்தீர். ஒரு நாள் மூன்று தரம். மணலின் இறுக்கத்தைப் பார்க்கிறீர் என்று நினைத்தேன். பிறகு, "வயது போட்டுது போலை?" என்று நக்கலும் அடித்தேன். "ஓம் மச்சான், கிழவனாப் போனன்" என்று நீரும் சிரித்தீர்.

ஒரு புதன்கிழமை காலை கராஜில் ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் இருந்தீராம். அதற்குப் பிறகு எழும்பவில்லை. உம்முடைய ஆயுதப் பெட்டியில், ஆணிகளுக்கு நடுவே, நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசைப் போத்தல் கிடந்தது. பாதி முடிந்திருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கராஜைத் திறந்தேன். வண்டியின் கோளாறையாவது கண்டுபிடித்தால் நெஞ்சு ஆறும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். பெருவிரலால் அமத்துகிற அக்சிலேற்றரின் மூடியைக் கழற்றினேன். பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி உள்ளுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பிடி பாதிவழி போனதும் அதில் முட்டி நின்றது. பழகுகிற பிள்ளைகள் வேகமாக ஓடாமலிருக்க வைக்கிற ஆணியாம் அது. தலையில் சிவப்பு நகப்பூச்சு. சரிபார்த்து இறுக்கிய ஆணிக்கெல்லாம் நீர் வைக்கிற அடையாளம்.

இவ்வளவு காலமும் முழுக்க அமத்துகிறேன் என்று நம்பினேன். அந்த முழுக்க என்பது எவ்வளவு என்று பார்க்கவில்லை. என் மாணவன் இப்படிக் கணக்குச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

ஆத்திரம் வந்தது, மறைக்க மாட்டேன். செத்த மனிசனைத் திட்டினேன். என்னை வைத்து விளையாடினாரா என்று நினைத்தேன். பிறகுதான் கொப்பியை எடுத்தேன். முதல் பக்கத்தில் உம்முடைய கோணல் எழுத்து: "ஸ்குரூ நாலரைச் சுத்து உள்ளை. மச்சானுக்கு இடக்கண் பார்வை குறைவு. கேட்டால் ஒத்துக்கொள்ளார். ஓடுறதையும் விடார். இடப்பக்கம் கடல் இருக்கட்டும்."

கராஜ் நிலத்திலேயே இருந்துவிட்டேன். இரண்டு வருடமாக என் இடக்கண் மங்கிக்கொண்டு வருகிறது. கரும்பலகை தெரியாத வாத்தியிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள் என்ற பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கட்டின பெண்சாதிக்கும் சொல்லவில்லை. உமக்கு எப்படித் தெரிந்தது? நான் இடப்பக்கம் வைத்த தேத்தண்ணியைத் தட்டிவிட்டபோதா? இனி யாரிடம் கேட்பேன்?

திரும்பும் வழியில் கரை இடப்பக்கம் வரும். நாயும் மாடும் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தால்தான் வரும். அதனால்தான் கைபிடியைப் பறித்தீர். இருதய வருத்தத்தோடு முக்கால் கிலோமீற்றர் மணலில் நடந்ததும் எனக்குப் பாதை பார்க்கத்தான். என் கண்ணை நீர் கண்டுகொண்டீர், மச்சான். நீர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்ததை நல்ல கண்ணாலும் நான் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று பின்னேரம் சாந்திக்கு எல்லாம் சொன்னேன். உம்முடைய தங்கை கைவேலையை வைத்துவிட்டு என் முன்னால் வந்து இருந்தாள். பிறகு, "உங்களுக்குக் கண் தெரியேல்லை. அண்ணைக்கு நெஞ்சு நோ. ரெண்டு பேரும் என்னோடை ஒரு மேசையிலை இருந்து சாப்பிட்டியள். ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். உமக்கும் சேர்த்துத்தான் அழுதாள். நீர் இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஏச்சு வாங்கியிருப்போம். நான் தனியே வாங்கினேன்.

திங்கட்கிழமை கண் கிளினிக்குக்கு நம்பர் எடுத்தாயிற்று. சாந்தி கூட வருகிறாள். ரியூசன் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். ஒருவரும் வகுப்பை விட்டுப் போகவில்லை. முன்வாங்கில் இருக்கிற ஒருத்தி, "சேர், நாங்கள் பெரிசா எழுதுறம்" என்றாள். எவ்வளவு வீணாகப் பயந்திருக்கிறேன், பாரும்.

ஆணியை நான் தொடவில்லை. நகப்பூச்சு அப்படியே இருக்கிறது.

வாற ஞாயிறு விடிய மணற்காட்டுக்குப் போவேன். வண்டி கராஜில் நிற்கட்டும். உம்முடைய துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த முக்கால் கிலோமீற்றரை நடப்பேன். நீர் குந்தியிருந்த இடங்களில் கொஞ்ச நேரம் இருப்பேன். அந்தத் தொங்கலுக்குப் போய், பாதை வெளி என்று துவாயைத் தூக்கிக் காட்டுவேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் காட்டுவேன், மச்சான். இது சத்தியம்.

உம்மிடம் மட்டும் கண்ணை மறைக்க முடியாமற்போன,
உம்முடைய தங்கையின் மனிசன்